புகையாய் ஓடும் உலோகங்கள்: 12ஆம் தொகுதி பற்றிச் சில குறிப்புகள்

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெறும் இரும்பில் வைக்கும்போது வராத ஒரு கெட்டியான வெள்ளைப் புகை அதில் வரும். கொஞ்ச நேரத்தில் பற்றவைத்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் நின்று அந்தப் புகையைப் பிடித்தால் அன்று ராத்திரியே குளிர்க்காய்ச்சல் வரும், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று வெல்டிங் பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றிரண்டு நாளில் அது தானாகவே போய்விடும்.

அந்த வெள்ளைப் புகை துத்தநாகம். பைப்பு துருப்பிடிக்காமல் இருக்க மேலே பூசியிருக்கும் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் கொதித்து ஆவியாகி, காற்றுப் பட்டதும் எரிந்து ஆக்சைடாக மாறி, பஞ்சாக உதிர்கிறது. ஐரோப்பிய ரசவாதிகள் இந்தப் பஞ்சுக்கு 'ஞானிகளின் கம்பளி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அழகான பெயர்தான். ஆனால் கையில் கம்பளி இருந்தும் அது எந்த உலோகத்திலிருந்து வந்தது என்று ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது. இரும்பும் செம்பும் ஈயமும் தங்கமும் ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே மனிதன் கைக்கு வந்துவிட்டன. அதே மலைகளில், அதே ஈயத் தாதுவோடு ஒட்டிக்கொண்டே கிடந்த துத்தநாகம் மட்டும் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? இந்தக் கேள்விதான் இந்தக் குறிப்புகளுக்கு ஆரம்பம்.

பள்ளிக்கூடத்தில் உலோகம் என்றால் என்ன என்று படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பளபளக்கும், தகடாக அடிக்கலாம், கம்பியாக இழுக்கலாம், மின்சாரமும் வெப்பமும் கடத்தும், உருகுநிலையும் கொதிநிலையும் அதிகம். அதற்குக் கீழே ஒரு வரி: 'விதிவிலக்கு - பாதரசம்'. ஒரு மார்க் கேள்விக்காகவே எழுதி வைத்த வரி. பாதரசம் தனியாக வந்த விதிவிலக்கு இல்லை, ஒரு குடும்பத்தின் கடைக்குட்டி என்பதை யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

தனிம வரிசை அட்டவணையில் செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றும் ஒரே நெடுவரிசையில், 11ஆம் தொகுதியில் இருக்கின்றன. அதற்கு அடுத்த வரிசையில், வலது பக்கத்தில், மேலிருந்து கீழாகத் துத்தநாகம், காட்மியம், பாதரசம். அது 12ஆம் தொகுதி. இடையில் ஒரு கோடுதான். அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, 2500-ஐத் தாண்டித்தான் கொதிக்கிறது. பக்கத்து வீட்டுத் துத்தநாகம் 420-இல் உருகி 907-இல் கொதித்துவிடுகிறது. வெள்ளி 962-இல் உருகி 2162-இல் கொதிக்கும். அதன் பக்கத்துக் காட்மியத்துக்கு 321-உம் 767-உம். தங்கத்தின் பக்கத்தில் இருக்கும் பாதரசம் மைனஸ் 39-இலேயே உருகி 357-இல் கொதிக்கிறது. கீழே போகப் போக இன்னும் லேசாக ஆவியாகிறது.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு உலோகக் கட்டியில் ஒவ்வொரு அணுவும் தன் வெளி எலெக்ட்ரான்களில் சிலவற்றைப் பொதுவில் போடுகிறது. ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடுவது மாதிரி. அந்தப் பொதுச் சொத்துதான் அணுக்களைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. இரும்பு, டங்ஸ்டன் போன்றவை தாராளமாகக் கொடுக்கிற வீடுகள். அதனால் அந்த உலோகங்கள் கெட்டி, கொதிக்க வைக்கப் பெரும்பாடு. 12ஆம் தொகுதிக்கு வரும்போது, உள் அடுக்கில் பத்து எலெக்ட்ரான்கள் நிரம்பி இறுகிவிட்டன. வெளியே இருக்கும் இரண்டும் ஒரு ஜோடியாக நிரம்பி இருக்கின்றன. கொடுக்காமல் இருப்பதில்லை, கொடுக்கின்றன; ஆனால் கஞ்சத்தனமாக. கட்டு தளர்வு. கொஞ்சம் சூடு பட்டால் போதும், அணுக்கள் பிரிந்து ஓடிவிடும்.

இப்போது ஒரு பழங்காலக் கொல்லனின் உலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தாதுவையும் மரக்கரியையும் போட்டுத் துருத்தி ஊதுகிறான். கரி ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கிறது. செம்போ ஈயமோ உருகி அடியில் தேங்குகிறது. எல்லா உலோகத்துக்கும் இதே வித்தைதான். துத்தநாகத் தாதுவில் இதைச் செய்தால் கரி ஆக்சிஜனைப் பறிப்பதற்கே ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் துத்தநாகம் திரவமாக இருக்காது. பிறக்கும்போதே ஆவியாகத்தான் பிறக்கும். மேலே போகும், காற்றைத் தொடும், எரிந்து வெள்ளைப் பஞ்சாகிவிடும். கொல்லன் உலையின் அடியில் தோண்டிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

உலோக வரலாற்றை நாம் வழக்கமாக நெருப்பின் வரலாறாகச் சொல்கிறோம். மனிதன் அதிகச் சூட்டை உண்டாக்கக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள செம்பு, வெண்கலம், இரும்பு என்று ஒவ்வொன்றாக வசப்பட்டது என்று. துத்தநாகத்துக்கு அந்தக் கதை பொருந்தாது. செம்பு உருக்கிய உலைக்கே துத்தநாகத்தை விடுவிக்கும் சூடு இருந்தது. பிறந்த உலோகத்தைக் காற்றுப் படாமல் பிடித்துக் குளிர வைக்க வழி தெரியவில்லை. நெருப்பு இருந்தது, மூடி இல்லை.

மூடி இல்லாமலே ஒரு குறுக்கு வழியை ரோமானியர்கள் பயன்படுத்தினார்கள். செம்புத் துண்டுகளையும், கலாமைன் என்ற துத்தநாகத் தாதுவையும், கரித்தூளையும் மூசையில் போட்டு வாயை அடைத்துச் சூடேற்றுவது. செம்பு உருகாத சூட்டிலேயே துத்தநாகம் ஆவியாகிச் செம்புக்குள் ஊறிவிடும். திறந்தால் உள்ளே பித்தளை! ஓடுகிற உலோகத்தைப் பிடிக்கச் செம்பையே பொறியாக வைத்த மாதிரி. இந்த முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 28 சதவீதத்துக்கு மேல் ஏறுவது கஷ்டம். அதனால் பழைய பித்தளைகளை ஆராய்கிறவர்கள் துத்தநாகத்தின் அளவைப் பார்த்தே அது எந்த முறையில் செய்தது என்று ஒரு முடிவுக்கு வர முடிகிறது. அகஸ்டஸ் காலத்திலிருந்து ரோமானிய நாணயங்களில் சில வகைகள் இப்படிச் செய்த பித்தளைதான். அவர்களைப் பொறுத்தவரை அந்தத் தாது செம்புக்கு மஞ்சள் நிறம் ஏற்றும் ஒரு மண். அதற்குள் ஒரு உலோகம் இருக்கிறது என்று சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொரு ஊரில் புகையையே சரக்காக விற்றார்கள். 13ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் வழியாகப் போன மார்க்கோ போலோ, 'தூத்தியா' தயாரிப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு வகை மண்ணை உலையில் போட்டு, மேலே இரும்புக் கம்பி வலை வைப்பார்கள். எழும் புகை கம்பியில் படியும். அதைச் சுரண்டி எடுத்துக் கண் நோய்க்கு மருந்தாக விற்பார்கள். நம் வெல்டிங் பட்டறைப் பஞ்சுதான் அது. ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் குளிர்ந்த கம்பியை வைத்துப் புகையைப் பிடித்துவிட்டார்கள். காற்றை மட்டும் தடுத்திருந்தால் கம்பியில் உலோகமே படிந்திருக்கும்.

காற்றைத் தடுத்தவர்கள் ராஜஸ்தானில் இருந்தார்கள். உதயப்பூருக்குத் தெற்கே ஆரவல்லி மலையில் ஜாவர் என்று ஒரு ஊர். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே அங்கே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். அப்போது தேடியது ஈயத்தையும் வெள்ளியையும். துத்தநாகத்தைப் பெரிய அளவில் வடிக்கத் தொடங்கியது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் அது முழு வீச்சில் நடந்திருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மியூசியம், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம், ஹிந்துஸ்தான் சிங்க் ஆகிய மூன்றும் சேர்ந்து அங்கே அகழாய்வு செய்தபோது, மண்மேடுகளுக்கு அடியில் உலைகள் ஏறக்குறைய அப்படியே கிடைத்தன. கடைசியாக அணைத்த நெருப்போடு மூசைகளை அடுக்கி வைத்தபடியே சில உலைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த மூசை பார்ப்பதற்குக் கத்தரிக்காய் மாதிரி இருக்கும். நான் உவமைக்குச் சொல்லவில்லை. 'ரசரத்ன சமுச்சயம்' என்ற வடமொழி ரசவாத நூலே கத்தரிக்காய் வடிவ மூசை என்றுதான் சொல்கிறது. காம்பு இருக்கும் பக்கத்தில் ஊமத்தம்பூ வடிவத்தில் ஒரு குழாய் பொருத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மூசை ஒரு அடி நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் தாதுவை வறுத்துக் கந்தகத்தைப் போக்கிவிடுவார்கள். பிறகு கரி, சுண்ணாம்பு வகைக் கல், கொஞ்சம் உப்பு எல்லாம் சேர்த்துப் பிசைந்து சிறு சிறு உருண்டைகளாக்கி மூசைக்குள் போடுவார்கள். வாயில் களிமண் குழாயை ஒட்டி, அதன் நடுவே ஒரு குச்சியைச் செருகுவார்கள்.

குச்சி எதற்கு? மூசையைத் தலைகீழாகக் கவிழ்க்கப் போகிறார்கள். கவிழ்த்தால் உருண்டைகள் கொட்டிவிடும் அல்லவா? குச்சி தடுக்கும். உலை சூடாகும்போது உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும், அதற்குள் குச்சி கரிந்துபோய் நடுவில் ஒரு வழி திறந்துவிடும். ஆவி அந்த வழியாகக் கீழே இறங்கும். இதை முதலில் யோசித்தவர் யார் என்று எந்த நூலிலும் பெயர் இல்லை. எனக்கு இந்தக் குச்சியைவிட ஜாவரில் பிடித்த விஷயம் வேறு எதுவும் கிடையாது.

உலைக்கு இரண்டு மாடி. ஓட்டை போட்ட செங்கல் தட்டு ஒன்று நடுவில். அதன் மேல் வரிசைக்கு ஆறு வீதம் 36 மூசைகள் தலைகீழாக நிற்கும். கழுத்துகள் மட்டும் ஓட்டை வழியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் அறையில் 1100 டிகிரிக்கு மேல் நெருப்பு. கீழ் அறை குளிர்ச்சி. அங்கே சின்னச் சின்னப் பாத்திரங்கள். மேலே பிறக்கும் ஆவிக்கு வேறு வழியே கிடையாது. மூசைக்குள் கரியிலிருந்து வரும் வாயு நிரம்பியிருப்பதால் காற்றும் உள்ளே வர முடியாது. ஆவி கழுத்து வழியாக இறங்கி, குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகப் பாத்திரத்தில் விழும். இப்படி ஏழு உலைகளை ஒரே வரிசையில் கட்டி வேலை செய்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 252 மூசை. வீட்டுக் கொல்லையில் ரகசியமாகச் செய்த ரசவாதம் இல்லை இது, முழுக்கத் தொழிற்சாலை. நம் ஊரில் வாலையில் வடிப்பது என்று சொல்வோமே, அதே வேலைதான். ஆனால் வடிந்தது உலோகம்.

ஒரு தடவை எரித்த மூசையை மறுபடி பயன்படுத்த முடியாது. அந்தச் சூட்டில் அது கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அதனால் உடைந்த, உடையாத மூசைகள் மலை மலையாகக் குவிந்தன. ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை, அவற்றைச் செங்கல்லாக அடுக்கி வீட்டுச் சுவர் கட்டிக்கொண்டார்கள். சுவர் முழுக்க வட்ட வட்டமாக மூசைகளின் அடிப்பாகம் தெரியும் படங்கள் ஆய்வுக் கட்டுரைகளில் உண்டு.

மேவார் அரசர் ராணா லாகா காலத்தில் ஜாவர் சுரங்கம் செழித்தது என்பார்கள். அவருடைய ஆட்சி 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் ராஜஸ்தான் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் டாட் இதைக் குறிப்பிடுகிறார். ஆனால் அவர் எழுதுவது வெள்ளீயமும் வெள்ளியும் கிடைத்த சுரங்கம் என்று. துத்தநாகம் என்ற பேச்சே இல்லை. டாட் காலத்தில் சுரங்கம் முடங்கிவிட்டது. போரும் பஞ்சமும் மேவாரை உலுக்கியிருந்தன. செய்தவர்கள் போய்விட்டார்கள். என்ன செய்தார்கள் என்பதன் பெயர்கூடச் சரியாக மிஞ்சவில்லை.

டாட்டை ஒரேயடியாகக் குறை சொல்ல நான் தயாரில்லை. நாமும் கூரையில் போடுவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. அதைத் 'தகரம்' என்கிறோம். அகராதியில் தகரம் என்றால் வெள்ளீயம். இந்த உலோகத்துக்கு வாய்த்த பெயர்க் குழப்பம் வேறு எதற்கும் வாய்த்திருக்காது. ஆயுர்வேதத்தில் 'நாகம்' என்றால் காரீயம், துத்தநாகத்துக்கு 'யசதம்' என்று தனிப்பெயர். நம் சித்த மருத்துவத்தில் 'நாகம்' என்றாலே துத்தநாகம். நாக பற்பம் துத்தநாகத்தில் செய்வது. ஒரே சொல். ஒன்று உடம்புக்குத் துளியளவு தேவைப்படும் உலோகம், இன்னொன்று துளியளவும் ஆகாத விஷம். பழைய சுவடியைப் பெயர்க்கிறவர்களும் வடமொழி நூலையும் தமிழ் நூலையும் சேர்த்து வைத்துப் படிக்கிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

'துத்தநாகம்' என்ற சொல்லும் கப்பல் ஏறியது. இந்தியக் கடற்கரைகளில் கேட்ட சொல்லைப் போர்ச்சுகீசியர்கள் 'தூத்தனாகா' என்றார்கள், ஆங்கிலேயர்கள் 'டூட்டனேக்' ஆக்கினார்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கீழை நாட்டுக் கப்பல்களின் சரக்குப் பட்டியலில் இந்தப் பெயர் அடிக்கடி வரும். சீனாவிலிருந்து திரும்பிய சுவீடன் நாட்டுக் கப்பல் யோத்தெபோரி 1745-இல் சொந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பாறையில் மோதி மூழ்கியது. அதன் அடித்தட்டில் தேயிலைக்கும் பீங்கானுக்கும் கீழே டன் கணக்கில் துத்தநாகம் இருந்தது.

ஆமாம், சீனா. 'துத்தநாகத்தை உலகுக்குத் தந்தது இந்தியா' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பதிவுகள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடும். அந்தக் காலக் கடல் வணிகத்தில் போன துத்தநாகத்தில் பெரும்பகுதி சீனாவுடையது. சீனர்களின் முறையும் வேறு. நீளமான ஜாடியை நிமிர்த்தி வைத்து, மேல் மூடிக்கு அடியில் ஆவியைக் குளிர வைப்பார்கள். ஜாவரில் ஆவி கீழே இறங்கியது, அங்கே மேலே ஏறியது. சோங் யிங்ஷிங் 1637-இல் எழுதிய தொழில்நுட்ப நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அவர் காலத்துச் சீனர்கள் துத்தநாகத்துக்கு வைத்த பெயரின் பொருள் 'ஜப்பானியக் காரீயம்'. ஜப்பானிலிருந்து வந்ததால் அல்ல. செம்போடு சேர்க்காமல் தனியாக நெருப்பில் இட்டால் புகையாகிப் பறந்துவிடுகிறது. காரீயம் மாதிரி இருந்தாலும் குணம் மூர்க்கம். அப்போது கடற்கரையைச் சூறையாடிய ஜப்பானியக் கொள்ளையர்களைப் போல. அதனால் அந்தப் பெயர் என்கிறார் சோங். ஒரு உலோகத்தின் கொதிநிலையை இவ்வளவு கோபமாக யாரும் பதிவு செய்ததில்லை.

ஐரோப்பாவில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் சாம்பியன் 1738-இல் காப்புரிமை வாங்கித் துத்தநாகம் வடிக்கத் தொடங்கினார். அவருடைய மூசைக்கும் அடியில் ஓட்டை, கீழே குழாய், அதற்குக் கீழே குளிர் அறை. ஜாவர் முறையின் சாயல் இருப்பதால் இந்தியாவிலிருந்து செய்தி போயிருக்கலாம் என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு. எழுத்துச் சான்று கிடையாது. கீழ்நோக்கி வடிக்கும் வித்தை ஐரோப்பிய ரசவாதிகளுக்கும் தெரிந்ததுதான்; ஆகவே 'திருடிவிட்டான்' என்று கத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சாம்பியன் பாவம், இறக்குமதி வியாபாரிகள் விலையைக் குறைத்து அவரை நசுக்கினார்கள். 1769-இல் திவாலாகிப் போனார். இதற்கிடையில் 1746-இல் பெர்லினில் ஆந்திரேயாஸ் மார்க்கிராப் மூடிய பாத்திரத்தில் கலாமைனையும் கரியையும் சூடாக்கித் துத்தநாகத்தைப் பிரித்துக் காட்டி, முறையாக எழுதியும் வைத்தார். பாடப்புத்தகங்களில் 'கண்டுபிடித்தவர்' என்று அவர் பெயர் வருவது இப்படித்தான். ஜாவரில் சுவர் கட்டி முடித்து எத்தனையோ தலைமுறை ஆகியிருந்தது.

கையில் கிடைத்த பிறகும் அதற்கு மரியாதை இல்லை. 18ஆம் நூற்றாண்டு வேதியியலாளர்கள் உலோகங்களை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அடித்தால் விரியும், நெருப்பில் நிலைத்து நிற்கும் தங்கம், செம்பு, இரும்பு போன்றவை முழு உலோகங்கள். அடித்தால் உடையும், அல்லது நெருப்பில் ஓடிப்போகும் துத்தநாகம், பிஸ்மத், ஆன்டிமனி போன்றவை 'அரை உலோகங்கள்'. பாதரசத்தையும் பலர் இந்த அரைப் பந்தியில்தான் உட்கார வைத்தார்கள்.

முதலில் எழுந்து முழுப் பந்திக்குப் போனது பாதரசம். 1759 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடுங்குளிர். ஜோசப் ஆடம் பிரவுன் பனியையும் அமிலத்தையும் கலந்து தெர்மாமீட்டரைக் குளிரவைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே பாதரசம் உறைந்து நின்றுவிட்டது. அவரும் லொமோனோசோவும் கண்ணாடியை உடைத்து அந்தக் குண்டைச் சுத்தியலால் அடித்துப் பார்த்தார்கள். ஈயம் மாதிரி தட்டையாக விரிந்தது. அட, இதுவும் உலோகம்தான். நாம்தான் அதை எப்போதும் உருகிய நிலையிலேயே பார்த்துக்கொண்டிருந்தோம்! துத்தநாகத்தின் முறை 1805-இல் வந்தது. ஷெஃபீல்டில் ஹாப்சன், சில்வெஸ்டர் என்ற இருவர், 100 டிகிரிக்கும் 150 டிகிரிக்கும் இடையில் வைத்தால் துத்தநாகம் தகடாக அழகாக விரியும் என்று கண்டு காப்புரிமை வாங்கினார்கள். அதைவிடக் குளிர்ந்தாலும் உடையும், ரொம்பச் சூடானாலும் உடையும். ஆக, அது அரை உலோகமாக இருந்தது சுத்தியல் பிடித்த நேரம் சரியில்லாததால்.

மூன்றாவது ஆள் அதுவரை ஒளிந்திருந்தது. 1817-இல் ஜெர்மனியில் ஹனோவர் நாட்டு மருந்துக் கடைகளைச் சோதிக்கும் பொறுப்பில் இருந்தவர் கொட்டிங்கன் பேராசிரியர் ஸ்ட்ரோமேயர். களிம்புக்கான துத்தநாக ஆக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் சில கடைகளில் துத்தநாகக் கார்பனேட் இருந்தது. ஏன் என்று விசாரித்துத் தயாரிப்பவர்கள் வரை போனார். 'சூடாக்கினால் மஞ்சளாகிவிடுகிறது, விற்க முடியவில்லை' என்றார்கள். மஞ்சள் என்றால் இரும்புக் கலப்படம் என்பது வழக்கமான சந்தேகம், இரும்பு இல்லை. தோண்டித் துருவியதில் ஒரு புது உலோகம் கிடைத்தது, மூன்று கிராம் அளவுக்கு. கலாமைனின் பழைய லத்தீன் பெயரான 'காட்மியா'விலிருந்து காட்மியம் என்று பெயர் வைத்தார். கலப்படச் சோதனைக்குப் போன அதிகாரி தனிமத்தோடு திரும்பியது இது ஒரு தடவைதானோ என்னவோ.

துத்தநாகம் வடிக்கும் ஒவ்வொரு உலையிலும் காட்மியமும் கூடவே வந்துகொண்டுதான் இருந்தது. 767-இல் கொதிப்பதால் துத்தநாகத்துக்கு முன்னாடியே ஆவியாகும். முதலில் வடியும் துளிகளிலும் முதலில் எழும் புகையிலும் அது அதிகம். உலைக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எத்தனை தலைமுறையாக அதைச் சுவாசித்தார்கள் என்று கணக்கு எடுக்க யாரும் இல்லை. ஜப்பானில் காமியோக்கா துத்தநாகச் சுரங்கத்தின் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, அரிசியில் ஏறியது. எலும்புகள் பலமிழந்து, இருமினால்கூட முறிந்தன. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வயதான பெண்கள். அந்த நோய்க்கு ஊரார் வைத்த பெயர் 'இத்தாய் இத்தாய்'. 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தம். 1968-இல்தான் அரசாங்கம் காட்மியமே காரணம் என்று ஒப்புக்கொண்டது. அதே மலைக்குள் இன்று நியூட்ரினோவைப் பிடிக்கும் சூப்பர் காமியோகாண்டே இருக்கிறது. அறிவியல் செய்திகளில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பாதரசத்தின் கணக்கு இதைவிட நீளம். அதைப் பிடிப்பது சுலபம் என்பதே காரணம். சாதிலிங்கத்தை வறுத்தால் ஆவி வரும்; காற்றில் எரிந்து போகாது; மேலே ஒரு மூடியைக் கவிழ்த்தால் முத்து முத்தாகப் படியும். முதலாம் நூற்றாண்டிலேயே டயாஸ்கொரிடீஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர் ரசவாதிகளுக்கு இந்த ஓட்டமே தீராத ஆசையாக இருந்தது. ரசத்தைக் 'கட்டுவது', நெருப்புக்கு ஓடாமல் மணியாக்குவது என்று அவர்கள் சொல்வதெல்லாம் இந்தத் தளர்ந்த கட்டை இறுக்கும் முயற்சிதான். மூடியைச் சரியாக மூடாத இடங்களில் மனிதர்கள் செத்தார்கள். ஸ்பெயினின் அல்மடேனில் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள். பெருவின் வான்காவெலிகாவில் பழங்குடி மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தார்கள். போட்டோசியின் வெள்ளியைப் பிரிக்க அந்தப் பாதரசம் தேவைப்பட்டது. நமக்குப் பக்கத்திலேயே கொடைக்கானல். தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிகள் பாதரசத்தோடு காயலான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-இல் ஆலை மூடப்பட்டது. சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும் உலோகத்துக்கு உலை கூடத் தேவையில்லை.

மூன்றையும் ஒரே நெடுவரிசையில் சேர்த்தவர் மெண்டலீவ், அதுவும் உடனே இல்லை. 1869-இல் அவர் வெளியிட்ட முதல் அட்டவணையில் துத்தநாகமும் காட்மியமும் ஒன்றாக இருக்கின்றன. பாதரசமோ செம்பு, வெள்ளியோடு உட்கார்ந்திருக்கிறது. 1871-இல் திருத்தினார். பாதரசம் மட்டும் ஏன் திரவம் என்பதற்குப் பதில் கிடைக்க இன்னும் வெகுகாலம் ஆனது. அதன் அணுக்கரு கனமானது. அதைச் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவு தெரியும் அளவுக்கு வேகமாகப் போகின்றன. வெளி ஜோடி இன்னும் உள்ளே இழுபடுகிறது, கஞ்சத்தனம் கூடுகிறது. 2013-இல் வெளியான ஒரு கணினிக் கணக்கு, சார்பியல் விளைவைக் கழித்துவிட்டால் பாதரசத்தின் உருகுநிலை நூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடும் என்று காட்டியது. அப்படி ஒரு உலகத்தில் பாதரசம் பாட்டிலில் இருக்காது, கட்டியாக மேசைமேல் இருக்கும்.

அட்டவணையில் பாதரசத்துக்குக் கீழே இன்று இன்னொரு கட்டம் நிரம்பியிருக்கிறது: 112, கோப்பர்னீசியம். 1996-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் செய்தார்கள். செய்த விதம்: துத்தநாக அணுக்களை முடுக்கிக் காரீயத்தின் மேல் மோத விட்டார்கள். முப்பதும் எண்பத்திரண்டும் நூற்றுப் பன்னிரண்டு. சித்தர் நாகமும் ஆயுர்வேத நாகமும் சேர்ந்து என்று சொல்லலாம். இதுவும் ஓடுகிற ஜாதிதானா என்று பார்க்க ரஷ்யாவின் டுப்னாவில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2007-இல் வந்தது. ஒரு நீளமான குழாய். உள்ளே தங்கம் பூசிய உணர்விகள். ஒரு முனை அறைச் சூடு, மறுமுனை கடுங்குளிர். வாயுவோடு அணுக்களை அதற்குள் அனுப்பி, எந்த இடத்தில் ஒட்டுகின்றன என்று பார்த்தார்கள். கிடைத்தவை இரண்டே அணுக்கள். இரண்டும் ஆவியாகப் பயணம் செய்து, குளிர்ந்த தங்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டன.